யானை ஏற மறுத்த ரயில்

எழுத்தில் பிழை இருந்தால் முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கமா எங்கே போடுவது, புள்ளி எங்கே வைப்பது என்று இன்றைக்கும் தெரியாது. மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறேன். மறதியும் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிந்து கருகிய மணம் வந்த பிறகுதான் குசினிக்கு ஓடுவேன். ஆனால் ஒரு படம் பார்த்தால் மட்டும் மறக்காது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிருக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு ஒரு வலைப்பூ இருக்கிறது. வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கும். கோயிலுக்குப் போனாலும் பின்வரிசையில் தூணோரமாக நின்று கும்பிட்டுவிட்டு வருகிறவள் நான். இந்த வேலை மருமகளால் வந்தது.

ஊரை விட்டு வந்து, இங்கே நார்த்மீட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகன் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். மருமகள் கோயம்புத்தூர்ப் பிள்ளை. வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். மத்தியானம் நான் டேப்லெட்டில் ஒரு படம் பார்ப்பேன். பார்த்து முடிந்ததும் அதை யாருக்காவது சொல்லியாக வேண்டும். ஊரில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். வீட்டில் எல்லாரும் படத்துக்குப் போக முடியாது. போனவள் திரும்பி வந்து, போகாதவர்களுக்கு முழுப் படத்தையும் சொல்ல வேண்டும். பாட்டு எந்த இடத்தில் வந்தது, கதாநாயகி எப்படிச் சேலை கட்டியிருந்தாள், யார் யாரை அறைந்தது, எல்லாம். முடிவு வரை சொல்லாவிட்டால் அடிக்க வருவார்கள்.

இங்கே கேட்பதற்கு இருந்தது மருமகள் ஒருத்திதான். நான் போய் அவளுடைய அறை வாசலில் நிற்பேன்.

"அத்தை, முக்கியமான மீட்டிங்ல இருக்கேன்."

"ஓம் ஓம், நீ வேலையைப் பார். அவன் கிணத்தடியில ஒளிச்சு நிக்கிறான், அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்."

ஒரு நாள் அவள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். கிணற்றடியில் ஒளிந்தவன் பிடிபட்டு, அடி வாங்கி, மனம் திருந்தியது வரைக்கும் அவளோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. அன்று மாலை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அத்தை, இதெல்லாம் நீங்க எழுதி வையுங்க. உங்களுக்குன்னு ஒரு பிளாக் தொடங்கித் தர்றேன். நான் சாயங்காலமா பொறுமையா படிக்கிறேன்."

என்னை வாசலில் இருந்து கிளப்பத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கேயே இருந்து பக்கத்தைச் செய்து தந்தாள். பெயர் போட வேண்டாம் என்றேன். முகம் போடுகிற இடத்தில் வீட்டுக்குப் பின்வளவில் நிற்கிற எலுமிச்சை மரத்தைப் படம் பிடித்துப் போட்டோம்.

ஒற்றை விரலால் எழுதுவேன். ஒரு படத்தை எழுதி முடிக்க ஒரு கிழமை, முழுசாக ஏழு நாளும் போய்விடும். கீழே, இணையத்தில் தட்டுப்பட்ட ஏதாவது ஒன்றையும் சேர்த்துவிடுவேன். உடைந்த பீங்கான் கோப்பைகளை ஒட்டிக் காட்டுகிற ஒரு பெண். தன் வீட்டு ஜன்னலில் பனி விழுவதை மட்டும் நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிற ஒருவர். நான் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், நீங்களும் பாருங்கள் என்று. அவ்வளவுதான்.

முதலில் மருமகள் வாசித்தாள். பிறகு அவளுடைய சிநேகிதிகள். பிறகு எங்கே இருந்தோ தெரியாதவர்களும் வந்தார்கள். அதில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. மருமகள் வாசித்துச் சிரித்தாள்.

"ஆன்ட்டி முடிவைச் சொல்லிட்டாங்க, இனிமே நான் எதுக்குப் படம் பாக்கணும்னு கேக்குறாங்க அத்தை."

"முடிவு சொல்லாட்டி அது என்ன கதை?"

"அதுக்குப் பேரு ஸ்பாய்லர். இந்தக் காலத்துல அது கொலைக்குத்தம்."

நான் பயந்துபோனேன். அடுத்த படத்தை முடிவு இல்லாமல் நிறுத்தினேன். அப்போதுதான் மெல்பர்னில், கிரான்பர்னில் இருந்து ஒரு அம்மா முதல் தடவையாக எழுதினார்.

"அக்கா, முடிவை ஏன் விட்டிட்டீங்கள்? என்ரை மனுசனுக்குச் சுகர் கூடிக் கண் ரெண்டும் போட்டுது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு நீங்கள் எழுதினதை நான் வாசிச்சுக் காட்டுறனான். அவர் இப்ப அப்பிடித்தான் படம் பாக்கிறார். இந்தக் கிழமை முடிவு இல்லாமல் நிண்டதுக்கு என்னோடை சண்டை. நான் வாசிக்காமல் ஒளிக்கிறனாம்."

இதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்று முதல் முடிவுகள் திரும்பி வந்தன. முடிவுக்கு மேலே மட்டும், 'தெரிய விரும்பாதவர்கள் இந்த இடத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி போட்டேன். அதோடு, கண்ணால் பார்க்கிற விசயங்களைக் குறைத்து, காதால் கேட்கிற விசயங்களைத் தேடத் தொடங்கினேன். உலகத்தில் என்னென்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா! மழைச் சத்தத்தை மட்டும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து போடுகிற ஒருவர் இருக்கிறார். தகரக் கூரையில் மழை என்று ஒன்றைப் போட்டேன். கிரான்பர்ன் அம்மா எழுதினார்: "இது தகரம் இல்லையாம், அஸ்பெஸ்டஸ் சீற்றாம். அவர் காதாலயே கண்டுபிடிச்சிட்டார்."

ஒரு தடவை அந்த அம்மா தன் போன் நம்பரையும் எழுதி, எடுத்துக் கதையுங்கோ என்று போட்டிருந்தார். மருமகள் பதறிப்போய் அதைப் பக்கத்தில் இருந்து அழித்துவிட்டு என் போனில் பதிந்து தந்தாள். நான் எடுக்கவில்லை. முகம் தெரியாதவர்களோடு போனில் பேச எனக்கு நாக்கு எழும்பாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த சர்க்கஸ் படத்தை எழுதினேன். பதினைந்து பதினாறு வயதில் அக்காவோடு போய்ப் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். சர்க்கஸ் கூடாரத்தைத் தைக்கிற ஒரு தையல்காரன். அந்த மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. இரண்டு பேருக்கும் விருப்பம். அவளுடைய தகப்பன் சம்மதிக்கவில்லை. சர்க்கஸ் ஊரை விட்டுக் கிளம்புகிற நாளில் ஆசிரியை வகுப்பை விட்டு ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். ரயில், ஊரில் கோச்சி என்போம், புறப்படுகிற நேரம். ஆனால் யானை ஏற மாட்டேன் என்று நிற்கிறது. பாகன் கெஞ்சுகிறான், கார்ட் விசில் ஊதுகிறார், யானை அசையவில்லை. அதற்குள் இவள் வந்து சேர, பின்னாலே தகப்பனும் வந்து மன்னித்து, யானையே மாலையை எடுத்துக் கொடுக்கிறது. சுபம்.

நன்றாக எழுதிவிட்டேன் என்று எனக்கே சந்தோஷம். கிரான்பர்னில் இருந்து பதில் வந்தது.

"அக்கா, வாசிச்சுக் காட்டினனான். அப்பிடி இல்லை, கோச்சி நிக்கேல்லை, அவள் திரும்பிப் போறாள் எண்டு இவர் ஒரே பிடி. தான் அந்தப் படத்தை மூண்டு தரம் பாத்ததாம். எனக்குப் பயமாக் கிடக்கு. போன மாதமும் ஒண்டு ரெண்டு மாறிச் சொன்னவர். கண் போனது காணாதெண்டு இப்ப ஞாபகமும் போகுதோ தெரியேல்லை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "தங்கச்சி, அந்த யானை இண்டைக்கும் என்ரை கண்ணுக்குள்ள நிக்குது. அவருக்கும் வயசு போட்டுதெல்லே, பாவம், ஒண்டும் சொல்லாதேங்கோ" என்று ஆறுதல் எழுதினேன்.

அடுத்த கிழமை அந்த அம்மாவிடம் இருந்து கடிதம் போல நீளமான பதில் வந்தது. தன் மகனிடம் சொல்லிவிட்டாராம். மகன் வருகிற சனிக்கிழமை வந்து பேசப் போகிறானாம். அம்மாவால் தனியாக வைத்துப் பார்க்க ஏலாது, அப்பாவை ஒரு முதியோர் இல்லத்தில் விடுவது நல்லது என்று நினைக்கிறானாம். "ஞாபகம் பிசகுதெண்டதுக்கு இந்தப் பட விசயத்தைத்தான் அவனுக்குச் சொன்னனான். இவர் இப்ப என்னை வாசிக்க விடுறாரில்லை. 'நான் சொன்னா விசரன்ரை கதை, அந்த அம்மா எழுதினா வேதமோ?' எண்டு கேட்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். இனி நான் இந்தப் பக்கம் வரமாட்டன் அக்கா, குறை நினையாதேங்கோ."

ஒரு மனிதனை வீட்டை விட்டு அனுப்புவதற்கு என் யானை சாட்சி சொல்லியிருக்கிறது.

படத்தைத் தேடினேன். பழைய பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஒருவருடைய பக்கத்தில் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. கதைச் சுருக்கம் இருந்தது. ரயில் புறப்படுகிறது, அவள் வருவாளா என்று கேட்டுவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகம் எல்லாம் அப்படித்தானே. படத்தையும் யாரோ துண்டு துண்டாக ஏற்றியிருந்தார்கள். கடைசித் துண்டு இல்லை. ஆசிரியை ஓடுகிறாள், விசில் கேட்கிறது, அத்தோடு திரை கறுத்துவிடுகிறது.

சரி, என் மனதில் இருக்கிற யானையையாவது நன்றாகப் பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். யானை வந்தது. தும்பிக்கையைத் தூக்கி ஆட்டி ஆட்டி, ஏற மாட்டேன் என்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தும்பிக்கையில் வளையல் கிடந்தது.

உடனே டொரொண்டோவில் இருக்கிற அக்காவைக் கூப்பிட்டேன். எனக்குக் காலை, அக்காவுக்கு முதல் நாள் பின்னேரம். சாய்வுக் கதிரையில் இருந்தபடி முகத்தைப் போனுக்கு மிகக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அக்கா, அந்த சர்க்கஸ் படத்தில யானை கோச்சியில ஏற மாட்டன் எண்டு நிண்டதெல்லே?"

"எந்த யானை?"

"அக்கா, விளையாடாதேங்கோ. நீங்களும் நானும் மட்டினி ஷோவுக்குப் போனம்."

"எடி விசரி, நாங்கள் எந்தப் படத்தின்ரை முடிவு பாத்தனாங்கள்? எங்கட பக்கத்துக்குக் கடைசி பஸ் படம் முடிய முந்தியெல்லோ வெளிக்கிடும்? டோர்ச் லைட்காரன் வந்து, 'பஸ்காரர் எழும்புங்கோ, பஸ்காரர் எழும்புங்கோ' எண்டு கத்துவான். நீ கதிரையைப் பிடிச்சுக்கொண்டு வரமாட்டன் எண்டு நிப்பாய். நான் இழுத்துக்கொண்டு ஓடுவன்."

ஓம். டோர்ச் வெளிச்சம் காலடியில் வந்து விழுவது ஞாபகம் வந்தது. ஒரு வரிசைப் பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு எழும்ப, பின்னால் இருந்தவர்கள் ஏசுவதும் ஞாபகம் வந்தது.

"அப்ப முடிவை ஆரிட்டையோ கேட்டனான் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?"

"ஆரைக் கேக்கிறது? பஸ்ஸில இருந்ததெல்லாம் எங்களோட எழும்பி ஓடி வந்ததுகள்தானே! நீ மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தாய், நான் ஏதோ சொன்னன். முன் சீற் மனுசி திரும்பி, பிறகு என்ன எண்டு கேட்டா. அதுக்குப் பிறகு கொண்டக்டரும் வந்து நிண்டு கேட்டான். நான் என்ன செய்யிறது? கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டி, யானையை ஏறவிடேல்லை."

"எல்லாப் படத்துக்கும் இப்பிடித்தானோ?"

"பின்னை? கலியாணத்தில முடிஞ்சதெல்லாம் நான்தான்."

அக்கா சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. அறுபது வருசத்துக்கு மேலாக நான் படம் என்று நினைத்து வைத்திருந்ததில் பாதி, பஸ்ஸில் நடந்திருக்கிறது.

அன்றே வலைப்பூவில் எழுதினேன். யானை இல்லை, நான் முடிவு பார்க்கவில்லை, பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று. வெள்ளிக்கிழமை பொயிண்ட் குக்கில் இருந்து ஒரு பிள்ளை எழுதியது. அவளுடைய அம்மா மதுரையில் இருந்து வந்து தங்கியிருக்கிறாராம். "அம்மா உறுதியா சொல்றாங்க, ரயில் நிக்கலைங்க. அது போயிடும். டீச்சர் காலி மைதானத்துக்குத் திரும்பி வருவாங்க."

கண் தெரியாத அந்த மனிதர் சொன்னது அப்படியே சரி. ஆனால் கிரான்பர்ன் அம்மா இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று போய்விட்டாரே. நாளைக்குச் சனிக்கிழமை.

"அத்தை, நான் வேணா பேசட்டுமா?" என்று மருமகள் கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. சொன்னது நான்."

அவள் மீட்டிங்கை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நம்பரை அழுத்தியதும் அவள்தான். அங்கே மணி அடித்தது, ஒரு பெண் குரல் வந்தது.

"ஹலோ, ஆர்?"

பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. "நான்... எலுமிச்சை மரம்" என்றேன்.

"ஐயோ அக்கா! நீங்களோ!"

"தங்கச்சி, அவரிட்டைக் குடுங்கோ."

போன் கை மாறுகிற சத்தம். பிறகு ஒரு தொண்டைச் செருமல். "சொல்லுங்கோ" என்றார். கோபமான குரல்.

"கோச்சி நிக்கேல்லை" என்றேன்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீங்கள் சொன்னதுதான் சரி. நான் அந்த முடிவைப் பாக்கேல்லை. கடைசி பஸ்ஸுக்கு எழும்பிட்டன். யானை என்ரை அக்கா பஸ்ஸில செய்தது. பொயிண்ட் குக்கில ஒரு அம்மாவும் பாத்தவவாம், அவவும் நீங்கள் சொன்ன மாதிரித்தான் சொல்லுறா. உங்கட ஞாபகத்தில பிழை இல்லை. பிழை என்னில."

"கடைசி பஸ்ஸோ?" என்றார். குரல் மாறியிருந்தது. "அந்த ஆக்கள் நீங்களோ? ஒவ்வொரு படத்திலயும் நல்ல கட்டத்தில எழும்பித் திரையை மறைக்கிறது! எத்தினை தரம் உங்களை ஏசியிருப்பன்! நான் சயிக்கிளில வாறனான், எனக்கு பஸ் பயம் இல்லை. அதாலதான் முடிவெல்லாம் பாத்தனான்."

"ஏசுங்கோ, ஏசுங்கோ" என்றேன்.

"இனி ஏசி என்ன? யானை நல்லாத்தான் இருந்தது. எங்கட வீட்டுக்காரி அதை நம்பிப்போட்டா." பிறகு மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு மகன் வருவான். வந்த பிறகு ஒருக்கா எடுத்து இதை அவனுக்கும் சொல்லுவீங்களோ? நான் சொன்னா எடுபடாது."

சொல்கிறேன் என்றேன். போனை வைத்ததும் மருமகள் என் கையைப் பிடித்துப் பார்த்து, "அத்தை, ஐஸ் மாதிரி இருக்கு" என்று தேய்த்துவிட்டாள்.

சனிக்கிழமை எடுத்தேன். மகனிடம் நான் தமிழில் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் கேட்டான். மருமகள் இடையில் இருந்து இரண்டு பக்கமும் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. அப்பாவின் ஞாபகம் மட்டும் இல்லை, அம்மா ராப்பகலாகப் பார்த்துக் களைத்துப்போய் இருக்கிறா, அதுவும் ஒரு காரணம் என்றான். அது உண்மைதான், அதை என் போனால் மாற்ற முடியாது. கடைசியில் மட்டும் தமிழில், "தாங்க்ஸ் அன்ரி, அப்பா கன நாளுக்குப் பிறகு இண்டைக்குத்தான் சிரிச்சவர்" என்றான்.

பிறகு அவரை டாக்டரிடம் காட்டினார்களாம். அந்த வயதுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அம்மாவுக்கு உதவியாகக் கிழமையில் சில நாள் ஒரு பெண் வந்து போகிறாள். அவர் வீட்டில்தான் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பும் திரும்பத் தொடங்கிவிட்டது.

இப்போது பழைய படங்களை நானும் அவருமாக எழுதுகிறோம். நான் எழும்பி ஓடிய இடம் வரைக்கும் எழுதி நிறுத்துவேன். மீதியை அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மா எழுதி அனுப்புவார். இடைக்கிடை தன் வாயையும் வைப்பார்: "அக்கா, இந்த இடத்தில இவர் அழுதவர், அதை எழுத வேண்டாமாம்." இரண்டு பேரும் முடிவு பார்க்காத படம் வந்தால் டொரொண்டோவைக் கேட்போம் என்று அவர் பகிடி விடுகிறார். அக்காவுக்கு இதைச் சொன்னேன். எத்தனை முடிவு வேண்டும் என்று கேட்டார்.

அந்த சர்க்கஸ் படத்தில் மட்டும் ஒரு விசயம் இன்னும் தீரவில்லை. கடைசிக் காட்சியில், வெறும் மைதானத்தில், சர்க்கஸ்காரர்கள் விட்டுப்போன பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேலே ஆசிரியை உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சுற்றி இருக்கிறார்கள் என்பது கிரான்பர்ன்காரருடைய சொல். பொயிண்ட் குக் பிள்ளையின் அம்மாவோ, பீப்பாயே இல்லை, அவள் வெறும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள் என்கிறார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. படத்தைக் கடைசி வரை பார்த்தவர்கள், அல்லது அந்தக் கடைசித் துண்டை எங்கேயாவது கண்டவர்கள், தயவுசெய்து சரிபார்த்து எழுதுங்கள். அவர் சொன்னது பிழை என்றால் பிழை என்றே எழுதுங்கள். கண் தெரியாதவர், வயதானவர் என்று பார்த்து விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லச் சொன்னார். நீங்கள் எழுதுவதை அந்த அம்மா அப்படியே வாசித்துக் காட்டுவார்.